மார்க்கோஸுக்கு ஒரு தராசு, இந்திராவுக்கு ஒரு தராசா?

திண்ணைவாசி

வெளிநாட்டுச் சர்வாதிகாரி என்றால் நாம் கேட்பதெல்லாம் இயந்திரத்தைப் பற்றி. எத்தனை பேரை உள்ளே போட்டான், பத்திரிகையை எப்படி முடக்கினான், தேர்தலை எத்தனை வருஷம் தள்ளினான். நம்ம ஊர்த் தலைவர் என்றால் கேட்பதெல்லாம் மனசைப் பற்றி. அன்றைக்கு நாட்டு நிலைமை என்ன, யார் தூண்டிவிட்டார்கள், ரயில் நேரத்துக்கு வந்ததா இல்லையா. ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை ஒப்பிடுகிறோம்.

இந்த இழையில் இரண்டு பேருக்கும் ஒரே கேள்விகள். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸின் ராணுவச் சட்டம், 1972. இங்கே இந்திராவின் நெருக்கடி நிலை, 1975. ஹிட்லர் வேண்டாம். ஹிட்லர் பக்கத்தில் நிறுத்தினால் உலகத்தில் எல்லாருமே உத்தமர்தான். இந்த இருவரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள், அரசியல் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த பிரிவைத்தான் எடுத்தார்கள், இடைவெளியும் மூன்றே வருஷம்.

1. அறிவிப்பில் கையெழுத்து யார், யாரைக் கேட்டு?
2. விசாரணை இல்லாமல் எத்தனை பேர் உள்ளே?
3. பத்திரிகைக்கு என்ன ஆனது?
4. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?
5. தேர்தல்?
6. எல்லாம் முடிந்த பிறகு சட்டத்தில் எது மாறியது, எது அப்படியே இருக்கிறது?

ஆறாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம்.

வாய்தா வக்கீல்

இந்தியப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

1975 ஜூன் 12, அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திராவின் ரேபரேலி தேர்தல் வெற்றியைச் செல்லாது என்றது. ஆறு வருடத் தகுதிநீக்கம். ஜூன் 24, உச்ச நீதிமன்ற விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக இருக்கலாம், மக்களவையில் ஓட்டுப் போட முடியாது. மறுநாள் இரவே 352ஆவது பிரிவில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டுவிட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு, நடந்து முடிந்ததற்குத் தலையாட்ட. அவசரமென்றால் அமைச்சரவையைக் கேட்காமலே பிரதமர் முடிவெடுக்கலாம் என்ற அலுவல் விதி 12ஐ இதற்குப் பயன்படுத்தினார்கள். இன்னொன்று, 1971 போருக்காக அறிவித்த நெருக்கடி நிலை அப்போதும் அமலில்தான் இருந்தது. இது அதன் மேல் இரண்டாவது.

நெருக்கடி நிலையைப் பின்னால் விசாரித்த ஷா கமிஷன் கணக்கில், விசாரணையில்லாமல் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேர். ஜூன் 27ஆம் தேதி ஆணை 14, 21, 22 பிரிவுகளுக்காக (சமத்துவம், உயிரும் சுதந்திரமும், கைதானவருக்கான காப்பு) நீதிமன்றம் போகும் உரிமையை நிறுத்தியது. இரண்டு நாள் கழித்து மிசாவைத் திருத்தினார்கள், கைதானவருக்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை என்று.

பத்திரிகை: தில்லி பகதூர் ஷா சஃபர் மார்க் அச்சகங்களுக்கு அன்றிரவே மின்சாரம் போனது. 26ஆம் தேதி முதல் முன்தணிக்கை. 1976இல் நான்கு செய்தி நிறுவனங்களையும் சேர்த்து 'சமாச்சார்' என்று ஒன்றே ஒன்று.

நீதிமன்றம்: ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றிருந்தன. 1976 ஏப்ரல் 28, ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று அதையெல்லாம் தள்ளியது. மறுத்து எழுதிய ஹெச்.ஆர். கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். அந்தத் தீர்ப்பு வெளிப்படையாக ரத்தானது 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில். 41 வருஷம் ஏட்டில் கிடந்தது.

தேர்தல்: மக்களவையின் ஆயுள் ஒவ்வொரு வருடமாக இரண்டு முறை நீட்டிப்பு. 1977 ஜனவரி 18 தேர்தல் அறிவிப்பு, மார்ச்சில் தோல்வி, மார்ச் 21 நெருக்கடி நிலை வாபஸ்.

மணிலா தபால்

பிலிப்பைன்ஸ் பக்கம் என் பங்கு.

பிரகடனம் 1081. தேதி 1972 செப்டம்பர் 21, தொலைக்காட்சியில் மார்க்கோஸ் அறிவித்தது 23 மாலை. நடுவில் 22 இரவே கைது தொடங்கிவிட்டது. எதிர்க்கட்சி செனட்டர் நினோய் அக்கினோ முதல் ஆட்களில் ஒருவர். பயன்படுத்தியது 1935 அரசியல் சட்டம், ஏழாவது கூறு. தானே சட்டவிரோதமாக எதுவும் செய்யவில்லை என்று மனிதர் கடைசிவரை சாதித்தார். ஆட்சிக்கு அவர் வைத்த பெயரே 'அரசியல்சட்டச் சர்வாதிகாரம்' என்கிற மாதிரிதான். காரணம் சொல்லத் தேவையில்லை: இரண்டாவது பதவிக்காலம் 1973 டிசம்பரில் முடிகிறது, மூன்றாவது முறைக்குச் சட்டத்தில் இடமில்லை.

முதல் அறிவுறுத்தல் கடிதமே ஊடகங்களைக் கைப்பற்றச் சொல்வதுதான். மணிலா டைம்ஸ், ஏபிஎஸ்-சிபிஎன் எல்லாம் மூடல். தனக்கு வேண்டியவர்கள் நடத்தியது மட்டும் ஓடியது.

அம்னெஸ்டியின் பெயரில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு: சுமார் 70,000 பேர் சிறை, 34,000 பேர் சித்திரவதை, 3,200க்கு மேல் கொலை.

நீதிமன்றத்தைப் பார்த்தால் ஜபல்பூர் வழக்கின் அண்ணன் மாதிரி இருக்கும். புது அரசியல் சட்டத்துக்கு ஊர்க்கூட்டங்களில் கை தூக்கச் சொல்லி 'ஒப்புதல்' வாங்கினார். 1973 மார்ச் 31, ஹவெல்யானா வழக்கில் பத்து நீதிபதிகளில் ஆறு பேர் 'முறைப்படி ஒப்புதல் பெறவில்லை' என்றே எழுதினார்கள். ஆனாலும் 6-க்கு 4 என்று மனுவைத் தள்ளிவிட்டு, அது அமலுக்கு வர இனி நீதித்துறைத் தடை ஏதுமில்லை என்று முடித்தார்கள்.

ராணுவச் சட்டம் வாபஸானது 1981 ஜனவரி 17. ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை மட்டும் 1976இலேயே ஒரு திருத்தத்தில் நிரந்தரமாக்கி வைத்துக்கொண்டார். 1986 பிப்ரவரி 25இல்தான் அரண்மனையை விட்டு ஹவாய்க்குக் கிளம்பினார்.

கரிசல்

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒன்று என்று ஆகிவிடாது. இங்கே 21 மாசம். அங்கே ராணுவச் சட்டமே எட்டு வருஷத்துக்கு மேல், மொத்த ஆட்சி அதற்குமேல் ஐந்து. இந்திரா தேர்தல் வைத்தார், தோற்றார், வீட்டுக்குப் போனார். எந்தச் சர்வாதிகாரி அப்படிப் போயிருக்கிறான்? நடுநிலை என்ற பெயரில் அநியாயம் பண்ணாதீர்கள்.

மணிலா தபால்

தேர்தல் மார்க்கோஸும் வைத்தார். 1978இல் நினோய் சிறையிலிருந்தே மெட்ரோ மணிலாவில் அணி நிறுத்தினார். 21 இடம், 21ம் மார்க்கோஸ் கட்சிக்கு. 1981இல் எதிரணி புறக்கணித்தது. வித்தியாசம் தேர்தல் வைத்ததில் இல்லை, எண்ணிய விதத்தில். 1977இல் இந்தியாவில் ஓட்டை ஒழுங்காக எண்ணினார்கள். இந்திராவுக்குச் சேர வேண்டிய மதிப்பெண் அங்கே இருக்கிறது. தாராளமாகக் கொடுக்கலாம்.

திண்ணைவாசி

கரிசல், ஒரே கேள்வி என்றுதான் சொன்னேன், ஒரே மதிப்பெண் என்று சொல்லவில்லை. ஐந்தாவது கேள்வியில் இந்திரா வெகுதூரம் முன்னால் நிற்கிறார். ஆனால் அந்த ஒன்றைக் காட்டி முதல் நான்கையும் அழிப்பதுதான் நம் வழக்கம். மார்க்கோஸ் சாலை போட்டார், மருத்துவமனை கட்டினார் என்று ஒரு பிலிப்பினோ சொன்னால் நாம் சிரிக்கிறோம். நெருக்கடி நிலைக்கால இந்திராவின் 20 அம்சத் திட்டத்தை மட்டும் சிரிக்காமல் சொல்கிறோம். குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1976-77க்குக் கருத்தடை அறுவை இலக்கு 42.5 லட்சம், நடந்தது 81 லட்சத்துக்கு மேல். இலக்கைத் தாண்டினார்கள் என்றால் மாவட்ட அதிகாரிக்குக் கீழே எப்படிப்பட்ட அழுத்தம் போயிருக்கும் என்று பாருங்கள். ஆசிரியர் சம்பளத்தை நிறுத்துவது, ரேஷன், உரிமம் எல்லாவற்றையும் கருத்தடைச் சான்றிதழோடு கட்டிவிடுவது, இப்படித்தான் அது நடந்தது.

பழைய தோழர்

காங்கிரஸ் தலையில் மட்டும் கட்டினால் இந்த இழையும் இன்னொரு தராசுதான்.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நெருக்கடி நிலையை ஆதரித்தது. சிலியில் பினோசெட்டைக் கண்டித்து ஊர்வலம் போன அதே கட்சி, அதே காலம். 1978 பட்டிண்டா மாநாட்டில்தான் அது தவறு என்று பதிவு செய்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது, அதன் ஆட்கள் உள்ளேயும் போனார்கள். சிவசேனை ஆதரவு. தமிழ்நாட்டில் அதிமுக ஆதரவு. ஆர்எஸ்எஸ் தடை செய்யப்பட்டது, தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். அதே சமயம் அதன் தலைவர் தேவரஸ் எரவாடா சிறையிலிருந்து தடையை நீக்கக் கேட்டு இந்திராவுக்குக் கடிதம் எழுதினார். இன்றைக்கு ஜூன் 25ஐ 'அரசியல்சட்டப் படுகொலை நாள்' என்று அனுசரிப்பவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை, எதிர்ப்பவர்கள் முதல் பாதியைச் சொல்வதில்லை.

திமுக 1975 ஜூனிலேயே செயற்குழுவில் கண்டித்தது. 1976 ஜனவரி 31 ஆட்சிக் கலைப்பு. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடிபட்டதை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. திமுகவின் சிட்டிபாபு அந்த அடியின் தொடர்ச்சியாக இறந்தார். இது எல்லாம் வரலாறு, மறுக்க ஒன்றுமில்லை. மிசாவில் அடிபட்ட கட்சி ஆட்சிக்கு வந்தபோது தடுப்புக்காவலை என்ன செய்தது? அந்தப் பதிலை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

வாய்தா வக்கீல்

அதுதான் ஆறாவது கேள்வி. கொஞ்சம் நீளும்.

1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவை முடிவு எழுத்தில் வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவையிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20, 21 பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது. நல்ல வேலை.

அதே திருத்தத்தின் மூன்றாவது பிரிவைப் பாருங்கள். தடுப்புக்காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது அறிவுரைக் கழகம். அது பார்க்காமல் ஒருவரை உள்ளே வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அமைக்க வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் ஆயிற்று. அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் இன்றுவரை வரவில்லை. ஜனதா போடவில்லை, காங்கிரஸ் போடவில்லை, பாஜக போடவில்லை, மூன்றாவது அணி ஆட்சிகளும் போடவில்லை. ஏ.கே. ராய் வழக்கில், அறிவிக்கை போடு என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது.

மிசாவை ஜனதா 1978இல் ரத்து செய்தது. கடத்தல்காரருக்கான காஃபிபோசாவை வைத்துக்கொண்டது. 1980இல் இந்திரா திரும்பி வந்து தேசியப் பாதுகாப்புச் சட்டம், அதுவும் தடுப்புக்காவல்தான். பிறகு பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் 1985இல் தடா, 2002இல் வாஜ்பாய் ஆட்சியில் பொடா. இன்றைக்கு இருக்கும் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) என்பதில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள்வரை அவகாசம், ஜாமீனுக்கு 43டி(5) என்ற பூட்டு. 2019 திருத்தத்துக்குப் பின் அமைப்பை மட்டுமில்லை, தனிமனிதரையும் பயங்கரவாதி என்று அறிவிக்கலாம்.

மணிலா தபால்

ஆறாவது கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில்தான் எனக்கு உறுத்துவது. மார்க்கோஸ் போன மறுவருடமே 1987 அரசியல் சட்டம். ராணுவச் சட்டம் 60 நாளுக்குத்தான், நீட்டிக்க நாடாளுமன்றம் வேண்டும். எந்தக் குடிமகன் மனுப்போட்டாலும் உச்ச நீதிமன்றம் 30 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆட்கொணர்வு உரிமை நிறுத்தப்பட்ட காலத்தில்கூட, பிடித்தவர்மீது மூன்று நாளுக்குள் நீதிமன்றத்தில் குற்றம் சாட்ட வேண்டும், இல்லையேல் விட வேண்டும்.

சர்வாதிகாரம் இருந்த நாட்டில் நெருக்கடிக் காலத்திலேயே மூன்று நாள். ஜனநாயக நாட்டில் அமைதிக் காலத்தில் தடுப்புக்காவல் பன்னிரண்டு மாதம்.

நஷ்டஈட்டிலும் இதே கதை. 2013 சட்டப்படி மார்க்கோஸின் சுவிஸ் வங்கிப் பணத்திலிருந்து மீட்ட 1,000 கோடி பெசோவை ஒதுக்கினார்கள். 11,103 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அங்கீகரித்தார்கள். புள்ளிக்கு ஏற்ப நஷ்டஈடு: கொலை, காணாமல் போனது என்றால் 10 புள்ளி. சித்திரவதைக்கு 6 முதல் 9. காவலுக்கு 3 முதல் 5. இந்தியாவில் சில மாநிலங்களில் மிசா கைதிகளுக்கு ஓய்வூதியம் உண்டு, அதுவும் ஆட்சி மாறினால் நிற்கும், திரும்ப ஆட்சி மாறினால் வரும்.

கரிசல்

மூன்று நாள், மூன்று நாள் என்று சிலாகிக்கிறீர்களே, அங்கே அதிபர் டுடெர்டே காலத்தில் தெருவில் சுட்டுக் கொன்றார்களே, அதற்கு எத்தனை நாள் கெடு? சட்டப் புத்தகத்தை வைத்து நாட்டை அளக்க முடியாது.

மணிலா தபால்

சரியான அடி. 2020 பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வாரண்டு இல்லாமல் 14 நாள், மேலும் 10 நாள் என்றும் கொண்டுவந்துவிட்டார்கள். 2017இல் மிண்டனாவோ ராணுவச் சட்டத்தை அவர்கள் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, இரண்டரை வருஷம் ஓடியது. காவலில் வைப்பது சிரமம் என்றால் சுடுவது எளிது என்று போலீஸ் கண்டுபிடித்துவிடும். டுடெர்டே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனதும், அவரைப் பிடித்தது மார்க்கோஸின் மகன் ஆட்சி என்பதும் தனி வேடிக்கை. ஆகவே இரண்டாவது கேள்வியை 'எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் பிணம்' என்று திருத்திக்கொள்ளலாம். என்கவுண்டரைக் கைதட்டி வரவேற்கிற எல்லா ஊருக்கும் அது பொருந்தும்.

வடமராட்சியான்

கனநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன். இது எங்கட கதையுமெண்டபடியா எழுதிறன்.

எங்கட இலங்கையின்ர பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979. அமைச்சர் கையெழுத்துப் போட்டா மூண்டு மாசம், அதைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு 18 மாசம் மட்டும். 2022 திருத்தத்தில 12 மாசமாக்கினவை. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருத்தரிட்டக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமண்டத்தில சாட்சியம். தமிழ்நாட்டுக் கட்சியள் எல்லாம் இதைக் கண்டிச்சவை. சரிதான், நன்றி.

ஆனா தடாவிலயும் எஸ்.பி. தரத்து அதிகாரியிட்டக் குடுத்த வாக்குமூலம் சாட்சியம்தானே? ராஜீவ் கொலை வழக்கில 26 பேருக்கும் தூக்கெண்டு 1998 ஜனவரியில பூந்தமல்லி நீதிமண்டத்தில தீர்ப்பு. 1999 மே மாசம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விட்டது, இது தடா வழக்கே இல்லையெண்டும் சொன்னது. அந்த வாக்குமூலங்களை மட்டும் செல்லுமெண்டு வச்சுக்கொண்டது. கொழும்பில நடந்தா இனவாதம், பூந்தமல்லியில நடந்தா சட்டம் தன் கடமையைச் செய்யுதோ? இப்ப எங்கட சட்டம் 12 மாசம், உங்கட குண்டர் சட்டமும் 12 மாசம்.

தேர்தல் கேள்வியும் இருக்கு. பிரதமர் சிறிமாவோ 1970இல ஐஞ்சு வருஷத்துக்கு வந்து, புது யாப்பைக் காட்டி 1977 வரை இருந்தவ. தமிழர் தலைவர் செல்வநாயகம் 1972இல பதவி விலகின காங்கேசன்துறைக்கு இடைத்தேர்தல் வச்சது 1975 பெப்ரவரியில. ஜனாதிபதி ஜே.ஆர். 1982இல பொதுத்தேர்தலுக்குப் பதிலா சர்வசன வாக்கெடுப்பு வச்சு அதே நாடாளுமன்றத்தை ஆறு வருஷம் நீட்டினவர். இவையளைப் பேசேக்க எங்கட ஆக்களுக்கு வாய் நல்லா வரும்.

எங்கட பக்கத்துக்கு வந்தா வாய் மூடும். 1990 ஒக்டோபரில வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினவை. யாழ்ப்பாண நகரத்தில குடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஆர் கையெழுத்து, ஆரைக் கேட்டு எண்ட முதலாவது கேள்வியை அதுக்கும் கேளுங்கோ. 'அந்தக் காலத்துச் சூழல்' எண்டு துடங்கிறவையின்ர பட்டியல் நீளம்.

சிங்கார சென்னை

ஐயா, குண்டர் சட்டத்தை எதுக்கு இதுக்குள்ள இழுக்குறீங்க? கஞ்சா விக்கிறவன், கத்தியக் காட்டி செயின் அறுக்குறவன உள்ள வச்சா என்ன சர்வாதிகாரம்? ஏரியாக்காரன் நிம்மதியா தூங்குறான்.

வாய்தா வக்கீல்

அது எப்படி ஓடுகிறது என்று படிப்படியாகப் பாருங்கள்.

குண்டர் சட்டம் என்பது தமிழ்நாடு சட்டம் 14/1982, எம்.ஜி.ஆர். ஆட்சி. கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், விபச்சாரத் தொழில், குடிசைப்பகுதி நில அபகரிப்பு என்று ஆரம்பம். பிறகு வீடியோ திருட்டு, மணல், இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று ஆட்சிக்கு ஆட்சி பட்டியல் நீண்டது. சுருக்கியவர் யாருமில்லை.

ஆணை போடுபவர் மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர். 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும். 5 நாளுக்குள் கைதானவருக்குக் காரணங்களைக் கொடுக்க வேண்டும். 3 வாரத்தில் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், கழகம் 7 வாரத்தில் அறிக்கை தர வேண்டும். கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. வக்கீல் அல்லாத நண்பரை அழைத்துப் போகலாம். உறுதியானால் 12 மாதம்.

எங்கே உடைகிறது? உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில். பெரும்பாலும் குற்றம் செய்தாரா என்ற கேள்வியே எழாது. கொடுத்த ஆவணத் தொகுப்பில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, கைதானவர் அரசுக்குக் கொடுத்த மனுவைப் பரிசீலிக்க விடுமுறை போக இத்தனை நாள் தாமதம், ஜாமீனில் வந்துவிடுவார் என்று சொல்ல வேறு வழக்கின் ஆணையைக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் அதன் நகல் இல்லை. இதில் ஏதாவது ஒன்று போதும், ஆணை ரத்து. ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது 'வந்துவிடுவார்' என்று எழுதக்கூடாது என்பது ரேகா வழக்கு (2011), அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான்.

மனு பட்டியலில் வந்து முடிவதற்குள் பல மாதம் ஓடிவிடும். ஆணை தோற்றாலும் ஆள் அதுவரை உள்ளேதான். ஆணை போட்ட அதிகாரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே அடுத்த ஆணையிலும் அதே பிழை இருக்கும்.

செயின் அறுப்பவருக்கு மட்டும் என்றால், 2017இல் மெரினாவில் ஈழ நினைவேந்தல் நடத்தியதற்காகத் திருமுருகன் காந்திமீது ஏன் பாய்ந்தது? அது அதிமுக ஆட்சி, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024இல் ஒரு யூடியூப் விமர்சகர்மீது அதே சட்டம், இது திமுக ஆட்சி, ஆகஸ்டில் ரத்து. முதல் கைதுக்கு 'பாசிசம்' என்று எழுதியவர்கள் இரண்டாவதற்கு 'அவன் பேசின பேச்சுக்கு' என்று எழுதினார்கள். முதலாவதற்குச் சும்மா இருந்தவர்களுக்கு இரண்டாவதில் திடீரென்று கருத்துரிமை ஞாபகம் வந்தது.

பழைய தோழர்

பத்திரிகைக் கேள்வியையும் மாநிலத்துக்குக் கொண்டுவாருங்கள். 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு சில நாளில் விட்டார்கள். 2003 நவம்பரில் இந்து நாளிதழின் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள், உச்ச நீதிமன்றம் தடை போட்டது. உரிமை மீறல் என்றால் வழக்குத் தொடுப்பவரும் நீதிபதியும் ஒரே அவைதான். இதை வேறொரு நாட்டில் செய்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம்?

அவதூறு வழக்கு இன்னும் மலிவான கருவி. முதலமைச்சரைப் பற்றி எழுதினால் அவர் நேரில் வந்து புகார் கொடுக்க வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 199(2)இன்படி அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார். செலவு நம் வரிப்பணம். எழுதியவர்தான் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்க வேண்டும். ஜெயலலிதா ஆட்சியில் இப்படி 200க்கு மேல் போட்டதை 2016இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2021க்குப் பிறகு பத்திரிகையாளர்மீதான வழக்குகளை வாபஸ் வாங்கினார்கள், வரவேற்கலாம். அந்த அதிகாரம் புதிய சட்டத்திலும் 222ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது.

நெறியாளர்

கட்சிக்காரர்கள் போட்ட மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆறு கேள்விகளில் எதற்காவது பதில் இருந்தால் எழுதுங்கள். 'அவர்கள் செய்யவில்லையா' என்று மட்டும் எழுதினால் நீக்கப்படும்.

சிங்கார சென்னை

சரி வக்கீல் சார், ஒத்துக்கிறேன்னு வைங்க. எத்தன ஆணை போட்டாங்க, எத்தன கோர்ட்ல நின்னுச்சுன்னு ஒரு சாதாரண ஆள் எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க.

வாய்தா வக்கீல்

தகவல் உரிமை மனு போடுங்கள். முகவரி: பொதுத் தகவல் அலுவலர், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, தலைமைச் செயலகம். ஆட்கொணர்வு மனுக்களில் முதல் எதிர்மனுதாரர் அந்தத் துறைச் செயலாளர்தான், அதனால் கோப்பு அங்கே இருக்கும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வியை இப்படி அமையுங்கள்: சட்டம் 14/1982இன் கீழ் ஆண்டுவாரியாக, மாவட்டவாரியாக, வகைவாரியாகப் பிறப்பித்த ஆணைகள் எத்தனை, அவற்றில் அறிவுரைக் கழகம் போதிய காரணமில்லை என்றவை எத்தனை, அரசே திரும்பப் பெற்றவை எத்தனை, உயர் நீதிமன்றம் ரத்து செய்தவை எத்தனை. 'ஏன்', 'நியாயமா' என்று எதையும் கேட்காதீர்கள், பதிவேட்டில் இருப்பதை மட்டுமே தருவார்கள், ஒரே வரியில் நிராகரிக்க அது வசதி. 'தொகுக்கப்பட்ட விவரம் இல்லை' என்று பதில் வரும் என்று எதிர்பார்த்து, இல்லையெனில் ஆணைப் பதிவேட்டின் நகலை பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் தரவும் என்று முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

திண்ணைவாசி

காலத்தை 2011 மே முதல் என்று போடுங்கள், அதிமுக, திமுக இரண்டு ஆட்சியும் அதில் அடங்கும். 2021 மே என்று போட்டால் ஒரு கட்சிக்காரர் மட்டும்தான் அதைப் பகிர்வார்.